மாருதிக்கு இருபதாயிரம்

தான் குளிக்காவிட்டாலும் தன் பழைய மாருதியைக் குளிப்பாட்டிவிடுகிறவர் தியாகராசன். அதன் பெட்ரோல் இன்ஜினைக் கேஸுக்கு மாற்ற, நன்னிலத்திலிருந்து மெக்கானிக் வைரக்கண்ணுவை வரவழைத்திருந்தார்.

“எல்லாம் சேத்து இருபதாயிரம் ஆகுங்க.”

“ஆகட்டும். பெட்ரோல் போட்டு நமக்குக் கட்டுப்படியாகாது.”

மனைவி சௌந்தரநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆத்துல தண்ணி வரல. இலவச கரண்டுன்னு பேரு, மோட்டார் ஒரு மணி நேரம் சேந்தாப்ல ஓடல. பயிர் கருகுது. இப்பத்தான் கார்ல ஊர் சுத்தணுமா?”

வைரக்கண்ணு பேச்சை மாற்றினார். “டயர் நாலும் வழுக்கையா இருக்கு. புதுசு போட்டுடலாங்களா?”

“டயர் எதுக்கு? இன்ஜினைக் கழட்டி வயல்ல பம்போட பூட்டுங்க” என்ற தியாகராசன் மனைவியிடம் திரும்பினார். “நீ போய் மடையைத் திறந்து வை.”