இடது ஓரத்துப் பச்சை

பச்சைத் துண்டை ஹில்டா இடது ஓரத்தில் வைத்துக் குண்டூசி குத்தியபோதே சொன்னேன், அது வலது ஓரம் என்று.

என் பெண்டாட்டி காதில் வாங்கவில்லை. குத்தின ஊசியை எடுக்கவும் இல்லை.

சிஸ்டருங்க மடத்து மாடி ஜன்னலைத்தான் அவள் ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அரைவட்ட ஜன்னல். விசிறி விரித்த மாதிரி ஏழு கண்ணாடி, சிவப்பும் நீலமும் மாறி மாறி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓரத்துக் கண்ணாடி ஒன்று புயலில் உடைந்து, அந்த நிறம் கிடைக்காமல் பச்சை போட்டார்கள். தெருவில் நின்று பார்த்தால் பச்சை வலது ஓரத்தில் இருக்கும். முப்பது வருஷமாக அதன் கீழேதான் ஹார்பருக்கு சைக்கிள் மிதிக்கிறேன். எனக்குத் தெரியாதா?

கன்டெய்னர் லாரிக்கு ரோடு அகலமாகிறது, மடத்தை இடிக்கப்போகிறார்கள், சிஸ்டருங்க மாத்தூருக்குப் போகிறார்கள் என்று கோயிலில் அறிவித்த அன்று சாயங்காலமே துணி பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனி கட் பீஸ், பழைய பாவாடை, என் யூனிபாரம் நீலம்கூட. யாரும் அவளைக் கேட்கவில்லை. யாருக்கு என்று நான் கேட்டபோது ஊசியில் நூல் கோத்தாள்.

நீளம் வேறு. நான் ஐந்தேகால் அடி. அவள் என் தோளுக்கு வருவாள். போர்வை ஆறடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மாதா கொடிமரத்துக்குப் போர்த்தப்போகிறாயா என்று கிண்டல் பண்ணினேன். எதற்கும் அசையாதவள், அதற்கு மட்டும் முகம் வாடிப்போனாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். மடத்து சிஸ்டர் ஒருத்தர்தான், காத்திவாக்கத்துப் பெண், நல்ல குணம் என்று சொல்லி முடித்துவைத்தார். எங்கம்மா சாகும்வரை அவளைக் கரித்துக்கொட்டினாள். டாக்டர் என்னையும் டெஸ்டுக்கு வரச் சொன்னார். ஆம்பிளைக்கு என்ன டெஸ்ட் என்று நான் போகவே இல்லை. ஹில்டா ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது பேஜாரு என்னவென்றால், பக்கத்து வீட்டு மெர்லின் போய் மடத்துத் தலைவி மதரிடம் போர்வையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மடத்தில் கடைசிப் பூசை. அன்றைக்கு மாட்ட வேண்டும் என்று மதர் கேட்டுவிட்டார். ராயபுரமே வரும். பச்சை எந்தப் பக்கம் என்று தெரியாதவன் அதில் எவன்?

மானம் போய்விடும், பிரித்துத் தை என்று ஒரு வாரம் நச்சரித்தேன். நடுக் கண்ணாடியிலிருந்து கறுப்பு நூலில் நீளமாக ஒரு கோடு வேறு இறக்கியிருந்தாள். தெருவில் போகிற எவனும் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. அதையும் எடு என்றேன்.

வெள்ளிக்கிழமை, சரி, பிரிக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை மடத்துச் சாமான்களை ஏற்ற ஆள் கூப்பிட்டார்கள். அதுவரை ஆம்பிளைகள் யாரும் முன்னறையைத் தாண்டியதில்லை. நானும் ஹார்பர் கூட்டாளி பொன்னுரங்கமும் மாடிக்குப் போனோம்.

நீளக் கூடம். சுவரோரம் ஆறு இரும்புக் கட்டில். கடைசியில் ஒரு தொட்டில்.

அந்த மாடியைப் பற்றி ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கல்யாணமாகாத பெண்களை, வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து விடுவார்கள். தெருப்பக்கம் தலை காட்டக்கூடாது. பிள்ளையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, வெறும் கையோடு ஊருக்குப் போவார்கள்.

கட்டிலைத் தூக்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் நேர் எதிரே இருந்தது.

பச்சை இடது ஓரத்தில் இருந்தது.

நடுக் கண்ணாடியைத் திறந்து மூட ஒரு கறுத்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறதா என்று பொன்னுரங்கம் கேட்டான். ஆமாம் என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ராயபுரத்தைப் பார்த்ததே இல்லை என்பாள் ஹில்டா. அது பொய்யில்லை. ராயபுரத்தை அவள் பார்க்கவில்லை. படுத்த இடத்திலிருந்து இந்த ஜன்னலை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. படி இறங்கும்வரை இருந்தது. தெருவுக்கு வந்ததும் எங்கம்மா ஞாபகம் வந்தது. மலடி என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஹில்டாவுக்குத் தெரிந்திருக்கிறது, குறை தன்னிடம் இல்லை என்று. ஒரே வார்த்தையில் எங்கம்மா வாயை அடைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் சொல்ல முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயசாவது இருக்கும். எவ்வளவு உயரமோ.

வீட்டுக்குப் போனபோது மத்தியானம் இரண்டு மணி. போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் துண்டில் நாலு தையல் பிரித்தாகிவிட்டது.

பிளேடை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"பிரிக்காத ஹில்டா. கரீட்டாத்தான் கீது."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். கட்டில் துரு ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. நான் எதையும் கேட்கவில்லை. பையனா பொண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

போர்வையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். முதுகு கதவில் இடித்தது.

"நீளம் போதுமா?" என்று கேட்டேன்.

"தெர்லியே" என்றாள்.