ஆறுகிற கல்

உடைந்து, மூன்றாவது முறையாகப் பற்றவைத்து ஒட்டிய தோசைக்கல்லைச் செங்கோடன் சூடான சாம்பலுக்குள் புதைத்தார். கை தவறிப் போட்டு அதை இரண்டாக உடைத்தவர் அவர்தான். மனைவி பாவாயி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனாலேயே அவருக்குத் தூக்கம் போயிற்று. கைப்பேசியில் வீடியோ பார்த்து, உலோகம் ஒட்டுவதற்கான வெங்காரப் பொடி தூவி, பித்தளைக் கம்பியை உருக்கிப் பிளவுக்குள் ஓடவிடப் பழகினார். முதல் இரண்டு தடவையும் ஒட்டியது. இரண்டு தடவையும் ஆறிய பிறகு பார்த்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

கடைசியில் பாவாயிதான் வீடியோவில் அந்த ஆள் பேசுவதைக் கேட்டு, இவர் காதருகில் குனிந்து கத்தினாள்.

"வார்ப்பிரும்பைச் சட்டுனு ஆற விடக்கூடாதாமுங்க. விரிசல் உட்டா ணங்குனு சத்தம் வருமாமுங்க."

முப்பது வருடம் தறிக்குடோனில் விசைத்தறி இரைச்சலில் நின்று மந்தமாகிப்போன காது அது. வீடியோக்காரன் அவருக்கு இத்தனை நாளும் வெறுமனே வாயசைத்துக் கொண்டிருந்தான்.

"அப்ப நீ கேளு புள்ள," என்றார்.

மத்தியானத்திலிருந்து பாவாயி சாம்பல் குவியலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தபோதுகூட எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். செங்கோடன் சாம்பலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் உள்ளிருந்து மெலிதாக வந்தது: ணங்.

"ஏதாச்சும் கேட்டுச்சா?"

தன் உதட்டசைவைப் பார்த்தே அவர் புரிந்துகொள்ளும்படி மெல்லச் சொன்னாள்: "இல்லீங்க. நல்லாத் தூங்குது."

பிறகு இன்னொரு கை சாம்பலை அள்ளி, சத்தம் வந்த இடத்தின் மேல் போர்த்தினாள்.