கொண்டைக்கடலைக் கோடு

"கிளமெண்டைத்தான் அடிஸ் அபாபாவுக்கு அனுப்பப் போறாங்களாம்!"

அகல்யா அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கத்தினாள்.

"அது எங்கட்டி இருக்கு?" என்றாள் அம்மா.

"எத்தியோப்பியாலம்மா. பெரிய கருத்தரங்கு. நான் அந்த ஆபீஸ்ல நாலு வருஷமா இருக்கேன். அவன் போன வருஷம் தூத்துக்குடிலேர்ந்து வந்தவன். வந்ததும் என் தலையில ஏறி உக்காந்துட்டான்."

அக்காவுக்குப் பயிர்க் கணக்கு பார்க்கிற ஆபீஸில் வேலை. அறுபது வருஷமாக ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு கொண்டைக்கடலை விளைந்தது என்று கண்டம் கண்டமாகக் கோடு போடுவார்கள். அவளுக்கு ஆசியா. கிளமெண்டுக்கு ஆப்பிரிக்கா.

"கொண்டைக்கடலைக்கா இவ்வளவு பொறாமை?" என்று கேட்டேன்.

"நீ பேசாதே ஷ்ருதி. பன்னிரண்டாவதோட போதும்னு வீட்டுல உக்காந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும்? இதைப் பாரு."

லேப்டாப்பைத் திருப்பினாள். கிளமெண்டின் கோடு டெல்லி மெட்ரோவின் ராஜீவ் சௌக் ஸ்டேஷன் எஸ்கலேட்டர் மாதிரி நிற்காமல் மேலே போனது.

"நல்லாத்தானே இருக்கு?"

"டைரக்டரும் அதையேதான் சொன்னார். 'வாஹ், கிளமெண்ட்! க்யா பாத் ஹை!'ன்னு இந்தியில ஒரே புகழ்ச்சி. என் ஆசியாவுக்கு ஒரு 'அச்சா'. அதோட சரி."

பொருமிக்கொண்டே கோட்டைப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இரு. இது எப்படி ஏறிக்கிட்டே போகும்? மழை பொய்ச்ச வருஷத்துலகூடவா?"

உடனே அவனுக்குப் போன். குரலில் தேன் வழிந்தது.

"கிளமெண்ட், ஒவ்வொரு நாட்டுலயும் எவ்வளவு நிலத்துல கடலை போட்டாங்கங்கிற நம்பர் இருக்கா? ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்."

"இதோ அனுப்புறேன்க்கா."

வந்தது. தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கையைத் தட்டினாள்.

"மாட்டினான்!"

"என்ன பண்ணான்?"

"ஒரு நாட்டுல ரெண்டே வயல்ல தண்ணி பாய்ச்சிப் போடுறான், நல்லா விளையுது. இன்னொரு நாட்டுல மாவட்டம் மாவட்டமா மழையை நம்பிப் போடுறான், சுமாராத்தான் விளையுது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா சரியா?"

"தப்பு. பெரிய நாடுதானே ஜாஸ்தி கணக்குல வரணும்?"

"உனக்கே தெரியுது! அந்த அறிவாளிக்குத் தெரியலை."

நிலத்தைச் சேர்த்துப் போட்ட புதுக் கோட்டைக் காட்டினாள். அது பல வருஷம் படுத்தே கிடந்து, கடைசியில்தான் எழுந்திருக்க மனசு வந்த மாதிரி மேலே போனது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருட்டி. சின்னப் பையன், பாவம்" என்றாள் அம்மா.

"எதுக்கு? திங்கக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேப்பேன். அறிவியல்ல ஆள் பாக்கக் கூடாதும்மா."

"அதுக்குப் பேர் அறிவியல் இல்லக்கா, வயித்தெரிச்சல்" என்றேன்.

தலையணை பறந்து வந்தது.

ஆனால் எனக்கும் அவன் விழுவதைப் பார்க்க ஆசைதான். எப்போதாவது மயூர் விஹாருக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். அம்மா அதை ஒரு வாரத்துக்கு என்னிடம் சொல்லிக் காட்டுவாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்கா கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் கேள்வி கேட்டுப் பழகினாள். "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், கிளமெண்ட்..." அந்த 'சின்ன'வில் ஒரு அழுத்தம். போன் பக்கத்திலேயேதான் கிடந்தது.

திங்கட்கிழமை டெல்லி முழுக்க மாசுப் புகை. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பில் மீட்டிங். கேமராவில் தெரியாத மூலையில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

கிளமெண்ட் முகம் வந்தது. அக்காவின் விரல் மைக் பட்டன் மேல் தயாராக இருந்தது.

அவன் பேசியது இங்கிலீஷில். தமிழில் இதுதான்:

"சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வாரம் நான் காட்டின கோடு தப்பு. சின்ன நாட்டையும் பெரிய நாட்டையும் சமமா எடுத்துட்டேன். அகல்யாதான் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அவங்களாலதான் ஆப்பிரிக்காவோட சரியான கோடு இப்ப கிடைச்சிருக்கு."

அக்காவின் விரல் பட்டனை விட்டு நகர்ந்தது.

"அச்சா!" என்றார் டைரக்டர். "அப்படின்னா அடிஸ் அபாபாவுக்கு அகல்யாவே போகட்டும். தப்பைப் பிடிச்சவங்க போய்ப் பேசுறதுதான் சரி."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து அக்காவுக்குத் திருஷ்டி கழித்தாள். அக்கா அசையவே இல்லை.

மீட்டிங் முடிந்ததும் அவனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள்க்கா!"

"நான் எப்படா உன்கிட்ட சொன்னேன்?"

"நிலத்தோட நம்பர் கேட்டீங்கள்ல? அனுப்பிட்டு, இது எதுக்கு இவங்களுக்குன்னு யோசிச்சேன். பக்குன்னு ஆயிடுச்சு. நீங்க கேக்கலைன்னா அவ்வளவு தூரம் போய் அசிங்கப்பட்டிருப்பேன்."

"தெரிஞ்சதும் எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீங்களே கூப்பிட்டு நல்லா நாலு திட்டு திட்டுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்க்கா. நேத்து பூசைக்குக்கூட போனை சைலன்ட்ல போடாமத்தான் போனேன். நடுவுல அடிச்சுது, ஃபாதர் பிரசங்கத்தையே நிறுத்திட்டார். அக்காதான்னு வெளியே ஓடிப்போய் எடுத்தா, லோன் வேணுமான்னு கேக்குறான்!"

அவன் மட்டும்தான் சிரித்தான்.