சத்தம் போடுற டயர்

வெயில் அரைத்தூக்கத்தில் கிடந்த மே மாத மதியம். ஜெர்மனியின் ஆடெனா என்ற ஊரில் இருக்கும் கேசாவின் டயர் கடைக்கு ஃபோல்க்மார் தன் மனைவி ஓர்ட்ரூனோடு வந்தான்.

“நாளைக்கு முதல் தடவையா பந்தயத் தளத்துல ஓட்டப் போறேன். என்ன டயர் போடலாம்?”

“முதல் தடவைக்குப் பந்தய டயர் வேண்டாம். அது வழுக்குற வரைக்கும் வாயைத் திறக்காது. சாதா டயர் முன்கூட்டியே கிறீச்சுனு கத்திச் சொல்லிடும்,” என்றாள் கேசா.

“அப்போ அதுதான் வேணும்.” டயரின் பள்ளங்களை அவன் விரலால் வருடினான். “கனவுல தினமும் ஓட்டுறேன். எல்லா வளைவும் அத்துப்படி.”

“கனவுல பிரேக் சூடாகாது. புது பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் போட்டுடறேன்.”

கடையிலிருந்த ஹெல்மெட்களில் அவன் மூன்றாவதாகப் போட்டுப் பார்த்தது கச்சிதமாகப் பொருந்தியது.

“என்ன கலர்ல எடுத்து வைக்கட்டும்?”

“ஓர்ட்ரூன் சொல்லட்டும்.”

“சிவப்பு,” என்றாள் ஓர்ட்ரூன். “கண்டிப்பா போகணுமா?”

“பதினோரு வருஷமா காத்திருக்கேன்.”

மறுநாள் காலை, வேறு வண்டியே இல்லாத தளத்தில் மூடுபனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. ஃபோல்க்மாருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், தனக்கென்று பொருத்திய இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்திருந்தார். பின் இருக்கையில் ஓர்ட்ரூன்.

“இடது... இன்னும் கொஞ்சம்... இப்போ நேரா போ.”

அவள் சொல்லச் சொல்ல, பார்வை போய்ப் பதினோரு வருடங்களான ஃபோல்க்மார் கார் ஓட்டினான்.

“சுத்தி என்ன இருக்கு?”

“பூத்த கடுகு வயல். ஒரே மஞ்சள்.”

“அதைச் சொல்லாதே,” என்று சிரித்தான். “வேடிக்கை பார்த்துடுவேன்.”