தொக்குக் கடைச் சண்டை

"இன்னாது, இறால் தொக்கா? இதுல இறாலத் தேட டார்ச் லைட்டு வேணும் போல கீதே!"

வந்தவள் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. சைமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திருவொற்றியூரில் பள்ளிக்கூடத்துச் சந்தை. பிளஸ் ஒன் காமர்ஸ் பிள்ளைகள் ஆளுக்கொரு கடை போட்டிருந்தார்கள். சைமாவும் கீர்த்தியும் கூட்டாக இறால் தொக்கு.

வகுப்பில் வரதன் சார் சொல்லிக் கொடுத்தபடி சைமா காலையிலிருந்து சிரித்த முகமாகத்தான் நின்றாள். வாய்தான் வலித்தது, ஒரு பாட்டில்கூட நகரவில்லை. "வித்தா தொழில் பண்ணு, விக்கலன்னா படிப்போட நிறுத்திக்க" என்று அத்தா வேறு கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். கீர்த்தியோ போனை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள்.

இந்த நேரம் பார்த்தா வரவேண்டும் இந்தச் செல்லம்மா!

காசிமேட்டில் கீர்த்தியின் அம்மா பவானிக்குப் பக்கத்தில் மீன் விற்கிறவள். விடிந்தால் போதும், ரெண்டு பேருக்கும் சண்டை. அந்தக் கோபத்தை மகள் கடையில் காட்ட வந்துவிட்டாள், பாவி!

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா பேசுங்க..."

"ஏன் மெதுவா பேசணும்? ஐஸ்ல ஒரு மாசம் கெடந்த இறாலு தானே?"

அவ்வளவுதான். வகுப்பில் பேர் கேட்டால்கூட முணுமுணுக்கிற சைமா வெடித்தாள்.

"யாரப் பாத்து ஐஸ் இறாலுன்ற? நேத்து காலைல கரைக்கு வந்தது! நாங்களே உரிச்சோம். கையப் பாரு, எத்தினி கீறல்! தின்னு பாத்துட்டுப் பேசு!"

ஒரு ஸ்பூன் தொக்கை அவள் உள்ளங்கையில் வைத்தாள். கூட்டம் நெருக்கியடித்து வந்தது. செல்லம்மா நக்கினாள்.

"ருசி கீது. வெலதான் அநியாயம். பாதிக்குக் குடு."

"ஒரு பைசா குறைக்க மாட்டேன்!"

"அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்தானே? எனக்கு ஒண்ணு குடும்மா" என்றது ஒரு குரல்.

"எனக்கு ரெண்டு!"

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஓடிவந்த கீர்த்தியும் கை கொடுக்க, பெட்டி காலி! ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். செல்லம்மா எப்போது நழுவினாள் என்றே தெரியவில்லை.

பவானி வாசலுக்கு வந்திருப்பதாகக் கீர்த்தி சொல்ல, சேதி சொல்ல ஓடிய சைமா அப்படியே நின்றுவிட்டாள். டீக்கடை பெஞ்சில் பவானியும் செல்லம்மாவும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்!

"கடையாண்ட ஈ காக்கா இல்லன்னு கீர்த்தி போன்ல அழுதுச்சு. நாந்தான் இவள அனுப்சேன்" என்றாள் பவானி.

"அப்போ... மார்க்கெட்ல நீங்க தெனம் போடற சண்டை?"

செல்லம்மா வாய் நிறைய பன்னோடு சிரித்தாள்.

"அது இல்லன்னா ரெண்டு பேர் மீனும் கூடையிலயே கெடக்கும் கண்ணு!"