நாற்பது நாளும் வருகை

"கை கூசாம எல்லாருக்கும் ஆஜர் போட்டிருக்கீங்களே டீச்சர்! அந்த நாப்பது நாளும் ஸ்கூலுக்குப் பூட்டு!"

பள்ளிக் குமாஸ்தாவின் குரல் எதிர்ச்சாரித் துணிக்கடை வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

போர்க்காலத்தில் சாதாரண ஜனங்கள் பட்ட பாட்டைத் திரட்டி, அன்று மோதிக்கொண்ட இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடமாக வைக்கப் போகிறார்கள். அதற்காக வந்த வெளிநாட்டுப் பேராசிரியர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளப் பெண், எதைச் சொல்வது எதை விழுங்குவது என்று விழித்தாள்.

மேசைமேல் பழைய வருகைப் பதிவேடு. ஓய்வுபெற்ற டீச்சர் இத்தனை வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருந்தது.

"போட்டது நான்தான். பொய்யில்ல," என்றார் டீச்சர்.

"குண்டு விழுந்த ஊர்ல முப்பத்தோரு பிள்ளைங்களும் தினம் வந்துச்சாக்கும்! அதுல நானும் ஒருத்தன். ரெண்டாங்கிளாஸ். மாமா வீட்டு நிலவறையை விட்டுத் தலைய நீட்டினதில்ல. அந்த நாட்டுக்காரங்க நம்மளப் பார்த்துச் சிரிக்கணுமா? இது பாடத்துல வரவே கூடாது!"

குமாஸ்தா ஆரம்பித்தால் அடிவரை சொல்லாமல் நிறுத்தமாட்டார். ஊருக்கே தெரிந்த வியாதி.

"வெளியாள்னு வந்தது முக்காடு போட்ட பால்காரி ஒருத்திதான். அவளுக்கு இருந்த ராங்கி இருக்கே! ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிச்சாத்தான் பால் ஊத்துவா. எனக்கு அந்தச் சனியன் வரவே வராது."

பேராசிரியர் பதிவேட்டைக் கையில் எடுத்தார். குமாஸ்தாவுக்கு மானமே போயிற்று.

"அட்டையப் பாருங்க, வட்ட வட்டமாக் கறை! பதிவேடு வெச்சுக்கிற லட்சணமா இது?"

"கறையில்ல தம்பி, பால் கேனோட தடம்," என்றார் டீச்சர். "பாலுக்குத்தான் அப்போ தெருவுல நடமாட அனுமதி. பாடத்துக்கு இல்ல." பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏழெட்டு இன்னைக்கும் அம்பத்துநாலுதானா?"

குமாஸ்தா தன்னையறியாமல் எழுந்து கைகட்டி நின்றார்.

மொழிபெயர்த்த பெண் மறுவருஷமே அவருக்கு மருமகளாகி, கணவனோடு தன் நாட்டுக்குக் குடிபோய்விட்டாள். அங்கே அந்தப் பாடத்தை நடத்துபவளும் அவள்தான், 'அம்பத்துநாலு சொன்ன பையன் என் மாமனார்' என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஏகப் பெருமையாம்.