நான்காவது பீரியடின் பசி

பிப்ரவரி நான்காம் தேதி, எட்டாம் வகுப்பின் நான்காவது பீரியடில், ஒருவர்கூட வராந்தாவில் நிறுத்தப்படவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியைக்கு நம்பவே முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கணக்கு வகுப்பு அது. வழக்கமாக அந்நேரத்தில் பாதி வகுப்பு வெளியே நிற்கும். மீதி, உள்ளே நடுங்கும்.

பிள்ளைகள் காலையில் சரியாகச் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், பதினொன்றாவதாகக் கணக்கும் பறக்கும் என்று நிர்வாகத்திடம் வாதாடி, மூன்றாவது பீரியடுக்குப் பின் ஏதாவது கொறிக்கப் பத்து நிமிட இடைவேளை வாங்கியிருந்தார்.

ஒரு வாரச் சோதனை. பலன் தெரியாவிட்டால் இன்று மாலைக் கூட்டத்தோடு சரி.

"இது பள்ளிக்கூடமா, கேன்டீனா மேடம்?" என்று முதலில் எகிறியவர் கணக்கு வாத்தியார்தான். அதற்காகவே இடைவேளையைக் கவனிக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார் தலைமையாசிரியை.

அதே வாத்தியார் இப்போது சாக்பீஸும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகையில் ஒரு பையன் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு விழித்தான். போன வாரமாக இருந்தால், மூளையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாயா என்று கேட்டிருப்பார்.

"பரவால்லடா ராஜா, அழிச்சுட்டு மறுபடி போடு. கணக்கு எங்க ஓடிறப் போகுது?"

பையன் அழித்தான். மறுபடி போட்டான். சரியாக வந்தது. அடுத்தது நான், அடுத்தது நான் என்று கைகள் உயர்ந்தன.

தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்திலிருந்த வகுப்புத் தலைவியிடம் குனிந்தார்.

"வயித்துல ஏதாவது இருந்தா மூளை எப்படி ஓடுது பாத்தியா? நீ என்னடி சாப்ட்ட?"

"நான் ஒண்ணும் சாப்பிடல மிஸ். நாங்கல்லாம் வீட்லயே சாப்ட்டுட்டுதான் வருவோம்." அவள் பார்வை கரும்பலகையை விட்டு நகரவில்லை. "சார்தான் முதல் பஸ்ஸப் பிடிக்கணும்னு வெறும் வயித்தோட வருவாரு. இன்னிக்கு என் டப்பா முறை."

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

வாத்தியாரின் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

மாலைக் கூட்டத்தில், பசி தீர்ந்தால் வகுப்பில் கவனம் கூடுவதைக் கண்ணால் பார்த்ததாகத் தலைமையாசிரியை சொன்னார்.

யாருடைய பசி என்று ஒருவரும் கேட்கவில்லை.

இடைவேளை நிரந்தரமானது.